செம்பு கேட்கும் முறுக்கு

திருவொற்றியூரில் லேத் பழகியவன் மான் வேட்டைக்குக் குண்டு கடைந்து சம்பாதித்தான் என்றால், கேட்பவர் முதலில் சிரிப்பார், பிறகு சந்தேகப்படுவார். நம் நாட்டில் அது நியாயமான சந்தேகம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே மானைச் சுடுவது குற்றம். நான் கடைந்தது இங்கிலாந்தில். ஓநாய் ஒழிந்து சில நூற்றாண்டுகள் ஆன தீவு அது. புலி, சிறுத்தை, செந்நாய் எதுவும் கிடையாது. மான் பெருகி இள மரக்கன்றுகளை மொட்டையடித்தால், குறைப்பதற்கு மனிதன்தான் வர வேண்டும். எந்த இனத்தை எந்த மாதத்தில் சுடலாம், எவ்வளவு விட்டமுள்ள குண்டால் சுடலாம் என்று அங்கே சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் முழுக்கச் சுமார் 20 லட்சம் மான்கள், வருடத்துக்கு மூன்றரை லட்சம் போலச் சுடப்படுகின்றன என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. சுட்ட மான் கறிக்கடைக்குப் போகிறது. செம்பு இந்தக் கதைக்குள் வருவதே அந்தக் கறிக்கடையால்தான்.

நான் துப்பாக்கிக்காரன் அல்ல, டர்னர். ஐ.டி.ஐ. முடித்ததும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்துப் பட்டறையில் சேர்ந்தேன். எண்ணூர் லாரி கம்பெனிக்கான புஷ், மோட்டார் சைக்கிள் உதிரி, காசிமேட்டு விசைப்படகு ஷாஃப்ட் என்று கலந்துகட்டி வேலை வரும். படகுக்காரர்கள் கொண்டுவரும் கன்மெட்டல் புஷ்தான் செம்புக் குடும்பத்தோடு எனக்கு முதல் பழக்கம். நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு செம்பு, மீதி வெள்ளீயமும் துத்தநாகமும். சொன்னபடி வெட்டும் உலோகம். எங்கள் மேஸ்திரி மைக்ரோமீட்டருக்கு முன்னால் காதை நம்புகிறவர். "கண்ணு, டூல் கத்துதுன்னா ஜாப் உன்னாண்ட இன்னாவோ கேக்குதுன்னு அர்த்தம். இன்னான்னு கேளு, அப்பறம் ஹேண்டிலைச் சுத்து" என்பார். பிற்பாடு பெரிய பெரிய சிஎன்சி மெஷின்களில் நின்றபோதும் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பாடம்தான்.

எங்கள் ஊரில் புல்லட் என்றால் மோட்டார் சைக்கிள். 1955-ல் ராயல் என்ஃபீல்டு இந்தியாவில் காலூன்றியது திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையில்தான். அந்தக் கம்பெனியின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச். 1890-களில் என்ஃபீல்டில் இருந்த அரசு ரைஃபிள் தொழிற்சாலைக்கு நுண்ணிய உதிரி செய்து கொடுத்த வகையில்தான் அந்தப் பெயரும், பீரங்கிச் சின்னமும், துப்பாக்கியைப் போல உறுதியாகச் செய்தது என்ற விளம்பரமும் வந்தன. ரெட்டிச் ஆலை 1967-லேயே மூடிவிட்டது. ஆனால் ஊசி, தூண்டில் முள், ஸ்பிரிங் என்று சின்ன உலோகச் சாமான் செய்து பழகிய ஊர் அது. அதன் சுற்றுவட்டாரத்தில் இன்னும் குட்டிக் குட்டிப் பட்டறைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஹைட்ராலிக் ஃபிட்டிங் செய்கிற பட்டறை. முதலாளிக்கு வார இறுதிகளில் மான் சுடப் போகும் பழக்கம். அதுவரை சந்தையில் வாங்கிச் சுட்ட செம்புக் குண்டைத் தன் மெஷினிலேயே கடைந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியபோது, செம்புக் கம்பி என் கைக்கு வந்தது.

ஈயத்தில் என்ன குறை என்று முதல் நாளே கேட்டேன். வழக்கமான வேட்டைக் குண்டு, மெல்லிய செம்புத் தோலுக்குள் ஈயம் வைத்தது. நுனியில் ஈயம் கொஞ்சம் வெளியே தெரியும். மானின் உடம்பில் பட்டதும் அந்த நுனி நசுங்கிக் குடையாக விரியும். விரிந்தால்தான் மிருகம் சட்டென்று விழும். விரியாவிட்டால் ஊசித்துளையோடு மைல் கணக்கில் ஓடிப் புதருக்குள் சாகும். அதனால்தான் மான் வேட்டைக்கு விரியும் குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இங்கிலாந்தின் 1991-ம் ஆண்டு மான் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. இதை ஈயம் பிரமாதமாகச் செய்யும். கூடவே இன்னொன்றையும் செய்யும். விரியும்போது பொடிப்பொடியாக உதிர்ந்து, குண்டு போன வழியிலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூடக் கறிக்குள் பதிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, பல்லில் தட்டாது.

இது வெளிச்சத்துக்கு வந்த ஒரு சம்பவத்தை முதலாளிதான் சொன்னார். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு மான்கறி தானம் செய்வது வழக்கம். 2008-ல் ஒரு மருத்துவர், தானே வேட்டைக்காரரும்கூட, அந்தப் பொட்டலங்களில் நூறு போல எடுத்து ஸ்கேன் செய்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துணுக்கு. மாநில அரசு அந்தக் கறியைக் கொடுக்க வேண்டாம் என்று உணவு வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் விவகாரம் பறவை வழியாக வந்தது. வேட்டைக்காரன் காட்டிலேயே விட்டுப்போகும் குடலைத் தின்ற காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தில் செத்தன. 1982-ல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். அந்த மாநிலம் 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது என்று முடித்தது. நம்மூர்க் கழுகுகளை அழித்தது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. 2006-ல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தோம். விஷம் வேறு, செத்த உடம்பு வழியாகக் கழுகுக்குப் போய்ச் சேரும் பாதை ஒன்றுதான்.

என்னைப் பொறுத்தவரை இதை நம்ப காண்டோர் தேவைப்படவில்லை. என் மாமா காசிமேட்டில் வலைக்கு ஈயக்குண்டு வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பழைய கேபிள் உறை, பேட்டரித் தகடு, எது மலிவோ அது சட்டிக்குள் போகும். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும். ஊற்றி, ஆறியதும் தட்டியெடுத்து, கையாலேயே வளைத்து வலைக்கயிற்றில் கோக்கலாம். தூண்டில் கயிற்றில் சின்னக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவதைச் சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் செய்திருக்கிறோம். அதன் லேசான இனிப்பு இப்போதும் நினைவிருக்கிறது. ஈயத்தின் சௌகரியமே அதன் ஆபத்து. சென்னைப் பிள்ளைகள் எழுநூற்றுச் சொச்சம் பேரின் ரத்தத்தை அளந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. சராசரி, டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் இன்று ஒரு குழந்தையைக் கவனிக்கத் தொடங்கும் அளவு 3.5. ஈயம் கலந்த பெட்ரோலை நாம் 2000-த்தில் நிறுத்தியும் இந்த நிலைமை. மாமாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "அப்போ கல்லைக் கட்டியா வலை வுடுவாங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வி அல்ல, ஆனால் அவர் விலையோடு சேர்த்துக் கேட்டார்.

சரி, செம்புக்கு வருவோம். முழுச் செம்புக் குண்டு புதுச் சரக்கல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பார்ன்ஸ் நிறுவனம் 1989-லேயே எக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அது அச்சில் அழுத்திச் செய்வது. சின்னப் பட்டறைகள் கம்பியை வாங்கிக் கடைகின்றன.

செம்பைக் கடைவது ஒரு தொல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மெத்தென்ற உலோகம், வெண்ணெயாக வெட்டும் என்று தோன்றும். மெத்தென்று இருப்பதுதான் பிரச்சினையே. பித்தளையில் டூல் வைத்தால் தூளாக உதிரும், ஏனென்றால் டர்னர்களுக்குப் பிடித்த அந்தப் பித்தளையில் நூற்றுக்கு மூன்று பங்கு போல ஈயம் கலந்திருக்கிறது. பிசிறை உடைத்துக் கொடுப்பது அந்த ஈயம்தான். ஈயத்தை ஒழிக்கும் வேலையில் அந்தப் பித்தளைக்கு இடமில்லை. சுத்தச் செம்பில் பிசிறு உடையாது. நீளநீளமாகச் சுருண்டு சக்கில் சிக்கி, ஜாபைச் சுற்றி, கீறல் போட்டுவிட்டுப் போகும். டூல் நுனியில் செம்பு ஒட்டிக்கொண்டு, அந்த ஒட்டலே அடுத்த வெட்டைப் போடும், அளவு மாறிவிடும். எஃகுக்கு வைக்கிற கோட்டிங் போட்ட கார்பைடு இங்கே உதவாது. கோட்டிங் இல்லாத, கண்ணாடியாகப் பாலீஷ் செய்த, ரேக் கோணம் அதிகமான முனை வேண்டும். கூலண்ட் தண்ணியாக அல்ல, அழுத்தத்தோடு பிசிறை அடித்துத் தள்ளும்படி வர வேண்டும். டெல்லூரியம் கலந்த செம்பு கிடைக்கிறது, பிசிறு அழகாக உடையும், அதை ஓட்டுவது சுகம். ஆனால் உடையும் குணம் குண்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. மானுக்குள் போய் இதழ் விரிய வேண்டிய இடத்தில் முறிந்து விழுகிறது. அதனால் வலியோடு சுத்தச் செம்புக்கே திரும்பினோம்.

வளையம் என்று ஒரு சங்கதி உண்டு. ரைஃபிள் பேரலின் உள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் ஓடும். குண்டு அந்தப் பள்ளங்களில் கடிபட்டுச் சுழன்றுகொண்டு வெளியேறும். ஈயக் குண்டு அந்தக் கடிக்கு அமுங்கிக் கொடுக்கும். செம்பு கொடுக்காது. உடம்பு முழுக்க ஒரே விட்டமாக இருந்தால் உரசல் கூடி, பேரலுக்குள் செம்பு பூசிக்கொள்ளும், அழுத்தமும் ஏறும். அமெரிக்காவில் இதற்கு விடையாக 2003 வாக்கில் உடம்பில் பள்ளம் வெட்டிய குண்டு வந்தது. நாங்களும் அதே வழிதான். உடம்பைக் கொஞ்சம் குறைத்துக் கடைந்து, மூன்று நான்கு இடங்களில் மட்டும் முழு விட்டத்துக்கு வளையம் விட்டுவிடுவோம். அந்த வளையம் 5.69 மில்லிமீட்டர் என்றால் 5.69 தான். கூலண்ட் சூடேறிய மத்தியானத்தில் அளந்தால் செம்பு இரண்டு மைக்ரான் வரை பெருத்துக் காட்டும். அதனால் மாதிரியை ஆறவைத்து அளப்போம். சென்னை வெயிலில் பழகியவனுக்கு, இங்கிலாந்துப் பட்டறையில் உலோகம் சூடாகும் என்பதை நினைவில் வைப்பதே ஒரு வேலை.

முகப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் போலத் துளை. எவ்வளவு ஆழம் துளைக்கிறோமோ அவ்வளவு தூரம் இதழ் பிரியும். ஆனால் கம்பி இழுத்துச் செய்த செம்பு கடினமாக இருக்கும், சும்மா துளைத்தால் பிரியாது. பழுக்கக் காய்ச்சி விட்டால் மெத்தென்று ஆகிவிடும். எஃகைத் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பைப் போட்டால் இறுகாது. பாத்திரம் தட்டுகிற கன்னார் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இளக்குவது எவ்வளவு என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை ரகசியம் இருக்கிறது, அதை நான் இங்கே எழுதுவது மரியாதை அல்ல.

சோதனைக்குத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன்களை வரிசையாக வைத்து, உரிமம் பெற்ற சுடுதளத்தில் முதலாளி சுடுவார். நான் பின்னால் நின்று, கேனுக்குள் கிடக்கும் குண்டைத் தேடி எடுத்துத் தராசில் வைப்பேன். ஈயக் குண்டு தன் எடையில் கணிசமான பங்கை வழியிலேயே தொலைத்துவிட்டு வரும். செம்பு, இதழ் உடையாமல் இருந்தால், போன எடையோடு அப்படியே திரும்பும். வெடிமருந்தைக் குறைத்து, இருநூறு மீட்டர் தள்ளி எவ்வளவு வேகம் இருக்குமோ அந்த வேகத்துக்குக் கொண்டுவந்தும் சுடுவோம். அங்கேதான் செம்பின் பலவீனம் தெரியும். நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே வேகம் இறங்கினால் பல செம்புக் குண்டுகள் விரிய மறுக்கும். அதனால் செம்பில் கனத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும். ஈயத்தில் பழகிய வேட்டைக்காரர்கள் கனமான குண்டுதான் நல்லது என்று வளர்ந்தவர்கள். அவர்களைத் திருப்புவது, செம்பைக் கடைவதைவிடக் கஷ்டம்.

இந்த இடத்தில் அம்மாவைச் சொல்லியாக வேண்டும். தினமும் காசிமேட்டு மீன் இல்லாமல் சாப்பிடாதவர். நான் செய்வது என்ன என்று தெரிந்ததும், "மானைச் சுடறதுக்கு குண்டு செய்யவா கப்பல் ஏத்தி அனுப்பினோம்?" என்றார். நான் ஏறியது விமானம். அதைச் சொல்லிப் பயனில்லை. மீனும் உயிர்தானே என்றேன். "மீன் வேற, மான் வேற." கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்காம சாவுமா?" என்று கேட்டார். அந்தப் பட்டறையில் வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளில் பாதி இதே கேள்விதான், வேறு பாஷையில்.

இனி முறுக்கு. இதுதான் நான் சொல்ல வந்தது.

ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பு 8.96. அதே விட்டத்தில் அதே எடை வேண்டுமென்றால் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். முழு ஈயத்தோடு ஒப்பிட்டால் கால் பங்குக்கு மேல் நீளம். முகப்பில் துளை வேறு போடுவதால் இன்னும் நீளும். நீளமான குண்டு பறக்கும்போது தலை தடுமாறாமல் இருக்க வேகமாகச் சுழல வேண்டும். பம்பரம் மாதிரிதான்: சுழற்சி போதாவிட்டால் தள்ளாடும். சுழற்சியைக் கொடுப்பது பேரலில் உள்ள சுருள் பள்ளம். டர்னர் கண்ணுக்கு அது ஒரு மரை, ஆனால் பிட்ச் அங்குலக் கணக்கில். எட்டு அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்றால் எட்டுக்கு ஒன்று என்பார்கள். பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் முறுக்கு தளர்வு. எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு முறுக்கு வேண்டும் என்று 1879-லேயே வூல்விச்சில் கிரீன்ஹில் என்ற கணித ஆசிரியர் சூத்திரம் எழுதிவிட்டார். பீரங்கிக்காக எழுதியது. இன்றைக்கும் முதல் மதிப்பீட்டுக்கு அது போதும்.

பெரிய விட்டத்தில் இந்தச் சிக்கல் அவ்வளவு உறைக்காது. 7.62 மில்லிமீட்டர் குண்டில் எடையைக் கொஞ்சம் குறைத்தால் பழைய பேரலே ஏற்றுக்கொள்ளும். சின்ன விட்டத்தில் குறைக்க இடமே இல்லை. இங்கிலாந்தில் பெரிய மான்களுக்குக் குறைந்தபட்ச விட்டம் .240 அங்குலம், பேரல் வாயில் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டு. சீனாவிலிருந்து கொண்டுவந்து வோபர்ன் பூங்காவிலிருந்து பரவிய மண்ட்ஜாக்குக்கு, நம் கேளையாட்டின் தம்பி, பத்துப் பதினைந்து கிலோதான் இருக்கும், அதற்கு 2007 முதல் .220 விட்டம் போதும் என்று தளர்த்தினார்கள். ஆனால் குண்டு 50 கிரெய்ன், அதாவது 3.24 கிராமுக்குக் குறையக் கூடாது. கீழே சட்டம் பிடித்துக்கொள்கிறது, மேலே நீளம் பிடித்துக்கொள்கிறது. 5.69 மில்லிமீட்டர் விட்டத்தில் 50 கிரெய்ன் செம்பு எட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று முறுக்கு கேட்கும். அந்த வகைப் பழைய ரைஃபிள்களில் இருப்பதோ பன்னிரண்டு, பதினான்கு. நரியைச் சுடுவதற்காக, குட்டையான ஈயக் குண்டுக்காகச் செய்த பேரல்கள் அவை.

நொடிக்கு 3,200 அடி வேகத்தில் எட்டுக்கு ஒன்று முறுக்கில் வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு 2 லட்சத்து 88 ஆயிரம் சுற்று சுழலும். கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று நான் மெஷினைப் பார்த்தேன். அதன் ஸ்பிண்டில் ஆயிரக்கணக்கைத் தாண்டாது. அப்படிச் சுழலும் பொருளில் துளை மையம் விலகி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை. முகப்புத் துளையை இன்னொரு செட்டிங்கில் போடும் யோசனையை அன்றோடு விட்டோம். ஒரே பிடியில் வெளிவிட்டமும் துளையும் முடிய வேண்டும், பிறகுதான் பார்ட்டிங் டூல்.

புகார்கள் வரும். பெரும்பாலும் ஒரே மாதிரி: உங்கள் குண்டு சரியில்லை, காகிதத்தில் துளை வட்டமாக இல்லை, நீளவாட்டில் கிழிகிறது. குண்டு படுத்துக்கொண்டே போய் மோதியிருக்கிறது என்று அர்த்தம். குண்டு சரியில்லாமல் போக வாய்ப்பு உண்டு, அதனால் அந்த லாட்டின் மாதிரியை எடுத்து அளப்போம். அளவு சரியாக இருக்கும். பிறகு நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: உங்கள் பேரல் முறுக்கு எவ்வளவு? பாதிப் பேருக்குத் தெரியாது. துப்பாக்கி வாங்கி இருபது வருடமாகியும் தெரியாது, ஈயம் அதை அவர்களிடம் கேட்டதே இல்லை. அளப்பது சுலபம். துப்பாக்கி காலி என்று பார்த்துவிட்டு, சுத்தம் செய்யும் கம்பியின் முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி பேரலுக்குள் விட வேண்டும். கம்பியின் கைப்பிடி தாராளமாகச் சுழலக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பியில் ஒரு கோடு போட்டுத் தள்ளினால், பள்ளத்தின் போக்கில் கம்பி திரும்பும். கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்போது எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று டேப்பால் பார்த்தால் முடிந்தது. போனில் இதைச் சொல்லிக் கொடுப்பதில் அந்தப் பட்டறையில் எனக்குத்தான் பெயர். என் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள முதலில் சிரமப்பட்டவர்கள்கூட, கம்பி திரும்புவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள்.

இன்னொரு வகைப் புகாரும் உண்டு: மான் உடனே விழவில்லை, ஐம்பது அடி ஓடியது. ஈயம் உள்ளே சிதறி நாலா பக்கமும் கிழிக்கும். செம்பு ஒரே கோட்டில் ஆழமாகப் போய் மறுபக்கம் வெளியேறும். தோளுக்குப் பின்னால், விலாவில் குறி வைத்துப் பழகியவர்கள் கொஞ்சம் முன்னால், தோளை ஒட்டி வைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். இது என் கைவேலைக்குள் வராது, அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன். வெளியேறிய குண்டு அதே எடையோடு தொடர்ந்து போகும் என்பதால் மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்ப்பது செம்பில் இன்னும் முக்கியம். பழைய செம்புப் பூச்சை எடுக்காமல் பேரலைப் பயன்படுத்துவதும், ஈயக் குண்டுக்கு அளந்த அதே மருந்தை அளப்பதும் சிலர் வழக்கம். நீளமான குண்டு தோட்டாவுக்குள் மருந்தின் இடத்தையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. அதே மருந்து அதே அழுத்தத்தைத் தராது.

சட்டம் எங்கள் பின்னால் மெதுவாக வந்தது. டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் தேதியோடு ரைஃபிளிலும் ஈயத்தை நிறுத்திவிட்டது. சிதறு ரவையில் அவர்கள் 1996-லேயே நிறுத்தியவர்கள். ஸ்காட்லாந்து 2023-ல் பெரிய மானுக்கான குறைந்தபட்சக் குண்டு எடையை 100 கிரெய்னிலிருந்து 80-க்கு இறக்கியது, செம்புக்கு வழிவிடுவதற்காகவே. அதுவரை .243 ரைஃபிள் வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எங்களால் நல்ல செம்புக் குண்டு கொடுக்க முடியவில்லை. 100 கிரெய்ன் செம்பு அவர்கள் பேரலுக்கு நீளம் அதிகம். சட்டத்தில் இருபது கிரெய்ன் குறைந்ததும் அந்தத் துப்பாக்கிகளுக்கு மறுவாழ்வு வந்தது.

பிறகு 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசின் அறிவிப்பு: ஈய ரவைக்கும் பெரிய விட்ட ஈயக் குண்டுக்கும் தடை, மாறிக்கொள்ள மூன்று வருட அவகாசம். பெரிய விட்டம் என்றால் 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். .243 அங்குலத்தை மில்லிமீட்டரில் போட்டால் சரியாக 6.17 வரும். கோட்டை அங்கே கிழித்துவிட்டு, அதற்குக் கீழே ஈயம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சின்ன விட்டத்தில் மாற்றுக் குண்டு திருப்தியாக இல்லை என்பது காரணம்.

அந்தக் காரணத்தில் பாதி உண்மை. முயல் சுடும் .22 ரிம்ஃபயரில் வேகமும் இல்லை, முறுக்கும் பதினாறுக்கு ஒன்று; அங்கே செம்பு நன்றாக வேலை செய்யும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் .223 மாதிரியான வேகமான சென்டர்ஃபயர் துப்பாக்கியில் எட்டுக்கு ஒன்று பேரல் போட்டுவிட்டால் 50 கிரெய்ன் செம்பு பிரமாதமாகப் பறக்கிறது, விரிகிறது. தண்ணீர்க் கேனிலிருந்து நானே பொறுக்கியிருக்கிறேன். இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கீழே தள்ளியது, விட்டத்தை மட்டும் பார்த்து முறுக்கைப் பார்க்காததால் வந்தது. என்னைக் கேட்டால் கோடு கறிக்கடை வாசலில் கிழிக்கப்பட்டிருக்க வேண்டும். சுட்டது நரியா, அணிலா, மனிதன் தின்னும் மானா என்று கேட்டிருக்கலாம். மண்ட்ஜாக் கறி அங்கே விரும்பி வாங்கப்படுவது. சின்ன மான், சின்னக் குண்டு, சின்ன வீட்டுச் சட்டி. ஈயத்துணுக்கு மட்டும் சின்னதாகிவிடுவதில்லை.

நான் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் பையன்களுக்கு சிஎன்சி சொல்லிக் கொடுக்கிறேன். வால்வு பாகம், பம்ப் பாகம் என்று வேலை. செம்புதாஸ் தெருவிலிருந்து எப்போதாவது செம்புக் கம்பி வந்தால் பையன்கள் முகம் சுளிப்பார்கள், முதல் டூலை நான்தான் தீட்டிக் கொடுக்க வேண்டும். ரெட்டிச் பக்கத்துப் பட்டறையில் என்னோடு நின்ற போலந்துக்காரர் அவ்வப்போது பேசுவார். அறிவிப்புக்குப் பிறகு .243-க்கு ஆர்டர் குவிகிறதாம், ராத்திரி ஷிஃப்டும் ஓடுகிறதாம். .224-க்கு, அதாவது அந்த 5.69 மில்லிமீட்டர் குண்டுக்கு, நாங்கள் எழுதிய ப்ரோகிராம் மெஷினில் இன்னும் இருக்கிறது, ஆனால் கேட்பவர் குறைந்துவிட்டார்கள். சட்டம் கேட்காததை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது? மண்ட்ஜாக் மட்டும் சுட்டு ஒரு கறிக்கடைக்குக் கொடுக்கும் வயதான வேட்டைக்காரர் ஒருவருக்காக, மாதக்கடைசியில் மெஷின் ஓய்வாக இருக்கும் நேரத்தில், ஒரு சின்ன லாட் ஓட்டுகிறார்களாம். அவர் பேரல் எட்டுக்கு ஒன்று.